நாயகி சக்கர நாற்காலியில், கதை வளவு வீட்டில்

நாவல் எழுதும் வாசகர்களின் கேள்விகளுக்கு, மறுவாழ்வு மருத்துவமும் சட்டமும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத பெண் என் நாயகி. கல்யாணமான இரண்டாம் வருடம் எதிர்பாராமல் உண்டாகிறாள். அற்புதம் என்று எழுதிவிடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: அற்புதத்துக்கு இங்கே வேலையே இல்லை. அடிபட்டபின் சில மாதம் மாதவிலக்கு நின்றிருக்கும், பிறகு திரும்பிவிடும். பிள்ளை பெறும் திறன் பொதுவாகக் குறைவதில்லை. 'இவளுக்கு இனி எங்கே' என்று வீடே முடிவுகட்டிவிடுவதால் கருத்தடை பற்றி யாரும் அவளிடம் பேசுவதில்லை. எதிர்பாராத கர்ப்பத்துக்கு அந்த மௌனமே போதும்.

அடி முதுகுத்தண்டின் எந்த எலும்பில் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள், கதையே அதில்தான் திரும்புகிறது. மார்புப் பகுதியின் பத்தாவது எலும்புக்கு மேலே என்றால் பிரசவ வலி தெரியாமலே போகலாம். கால் வெட்டி இழுப்பது, மூச்சு முட்டுவது, வயிறு கல்லாக இறுகுவது ஆகியவைதான் அடையாளம். தினமும் வயிற்றில் கைவைத்துப் பார்க்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து வேறு. ரத்த அழுத்தம் திடீரென ஏறும், மண்டை இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைக் கர்ப்பகால ரத்தக்கொதிப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டால் சிகிச்சை தடம் மாறிவிடும். பெரிய மருத்துவமனைக்கு மதுரை போக வேண்டுமென்றால், காரைக்குடியிலிருந்து சுமார் 90 கி.மீ. என்பதையும் கணக்கில் வையுங்கள். சிசேரியன் கட்டாயமில்லை.

கேள்வி: எங்கள் செட்டிநாட்டு வளவு வீடுகளில் திண்ணையும் படியும்தான். நாற்காலி எப்படி உள்ளே போகும்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளச் சாய்தளம் என்பது கணக்கு. 7 அங்குலப் படி நான்கு என்றால் 28 அடி வேண்டும். திண்ணைக்கு முன்னால் அவ்வளவு இடம் எல்லா வீட்டிலும் இருக்காது. இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. பின்கட்டு வாசலில் படி குறைவாக இருந்தால் நாயகியின் வழி அதுதான். கல்யாணமாகி வந்த பெண் முகப்பு வழியாக வர முடியாமல் பின்வாசலில் நுழைகிறாள் என்றால் முதல் சண்டை அங்கேயே கிடைத்துவிடும், வில்லி தேவையில்லை. 4 அங்குல நிலைப்படிக்கு 4 அடி மரச்சாய்வு போதும். நாற்காலி 26 அங்குலம், சக்கரம் தள்ளும் கைக்கும் சேர்த்துக் கதவு 32 அங்குலமாவது திறக்க வேண்டும். அறைக் கதவை அளந்துவிட்டு எழுதுங்கள். மழையில் முற்றத்தைச் சுற்றியுள்ள ஆத்தங்குடிக் கல் நனைந்தால் தூக்கிவிட வருகிறவரின் கால்தான் முதலில் வழுக்கும்.

கேள்வி: யார் உதவியும் வேண்டாம் என்பவள் கடைசி அத்தியாயத்தில் அழுது மனம் மாறுகிறாள். சரியாக இருக்குமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: அழுகை வேண்டாம், வயிறு பார்த்துக்கொள்ளும். கட்டிலுக்கு மாறுவதை நினைத்துப்பாருங்கள். நாற்காலியைச் சற்றுச் சாய்கோணத்தில் ஒட்டி நிறுத்தி, இரண்டு பிரேக்கும் போட்டு, கைப்பிடியைக் கழற்றி, சறுக்குப் பலகை வைத்து, முழங்கால் மேல் குனிந்து, தலை ஒரு பக்கம் போக இடுப்பை மறுபக்கம் தள்ளுவாள். ஏழாம் மாதத்தில் வயிறு குனிய விடாது. குனியாவிட்டால் இடுப்பு எழும்பாது, பாரம் முழுவதும் தோளில் விழும். தோள் போனால் அவளுக்கு நடையே போனதுபோல. பழைய தேக்குக் கட்டில் இருக்கையைவிட உயரமாக இருந்தால் இன்னும் மோசம். நேற்றுவரை தனியாகச் செய்தது இன்று முடியவில்லை என்ற இடத்தில்தான் உதவி கதைக்குள் வர வேண்டும்.

அப்போதும் கட்டளை அவளுடையதாக இருக்கட்டும்: "அயித்தை, இடப்பக்கம் நில்லுங்க. தூக்க வேண்டாம், பலகை நகராமப் பிடிச்சாப் போதும்." அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, தோள் மூட்டு விலகிவிடும். கணவன் செய்ய இன்னும் வேலை உண்டு. உணர்வில்லாத இடத்தில் புண் வருவதை அவளால் அறிய முடியாது. உடல் கனக்கக் கனக்க, ரத்தசோகையும் சேர்ந்தால், சீக்கிரமே தோல் கன்றும். பகலில் 15–30 நிமிடத்துக்கு ஒருமுறை சாய்ந்து பாரம் மாற்ற வேண்டும். இரவில் தினமும் அவன் விளக்கைப் பிடித்து இடுப்பெலும்பின் மேல் சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது, எந்தக் காதல் வசனத்தையும்விட நெருக்கமான காட்சி.

நகரத்தார் வீட்டுக் கதை என்றால் 'வேறு வைப்பதை' விட்டுவிடாதீர்கள். ஒரே வளவில் மருமகளுக்குத் தனி அடுப்படி. அங்கே மாமியார் ஒரு குழம்புக் கிண்ணம் கொண்டுவந்தாலே வீடு முழுக்கத் தெரியும்.

கேள்வி: குடும்பமே சேர்ந்து கருவைக் கலைக்கச் சொல்கிறது. சட்டம் விடுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான சம்மதமின்றிக் கருக்கலைப்பு செய்தாலோ செய்ய வைத்தாலோ 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. மிகக் கடுமையான குறைபாடு இருந்து, மருத்துவர் கருத்தும் காப்பாளர் சம்மதமும் உள்ள நேர்வு மட்டும் விலக்கு. உங்கள் நாயகி சுயபுத்தியுள்ள பெரியவள், மாமனார் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தால் அது வேறு கதை, அதற்கும் சட்டத்தில் வழியுண்டு.