மெட்ரோ வரும் என்கிறார்கள்: மாடி எடுக்கலாமா, விற்றுவிடலாமா?

"கணபதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே 110 அடி தள்ளி எங்கள் வீடு. நாலு சென்ட், 1986இல் அப்பா கட்டியது. மேலே ஒரு மாடி எடுத்து, சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் ஐடி பசங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றிருந்தோம். மெட்ரோவுக்கு இந்த வரிசையே போய்விடும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர். ஸ்டேஷன் வந்தால் சென்ட் விலை ரெண்டு மடங்காகும், விட்டுவிடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?" – கோவை வாசகி ஒருவர்.

அம்மா, ரெண்டு பேரும் அவரவர் கமிஷன் கணக்கில் பேசுகிறார்கள். முதலில் திட்டம் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்போம். சென்னை மெட்ரோ நிறுவனம் தயாரித்த திட்ட அறிக்கையில் கோவைக்கு ரெண்டு வழித்தடங்கள்: அவிநாசி ரோட்டில் உக்கடத்திலிருந்து நீலாம்பூர் வரை ஒன்று, ஜங்ஷனிலிருந்து சத்தி ரோட்டில் வலியம்பாளையம் பிரிவு வரை இன்னொன்று. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர், மதிப்பு 10,740 கோடி ரூபாய், முழுக்கத் தூண்கள் மேல் ஓடும் பாதை. 2025 நவம்பரில் மத்திய அரசு இதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கைப்படி இருபது லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 2011 கணக்கில் கோவை மாநகராட்சிக்கு அவ்வளவு வரவில்லை, சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்தால்தான் தாண்டுகிறது. ஆக, நாளைக்கே யாரும் உங்கள் வாசலில் குறியீடு போட வரப்போவதில்லை.

ஆனால் அவர்கள் சொன்ன இன்னொரு காரணம் உங்களுக்குத்தான் முக்கியம்: சில ஸ்டேஷன் இடங்களில் ரோட்டு அகலம் போதாது, நிறையக் கட்டடங்களை இடிக்க வேண்டியிருக்கும். கணபதியில் சத்தி ரோடு எவ்வளவு ஒடுக்கம் என்பது தினம் அதில் நிற்கிற உங்களுக்குத் தெரியும்.

தூண் மேல் இரட்டைப் பாதை ஓடுவதற்குச் சுமார் பத்து மீட்டர் அகலம் போதும், அது ரோட்டு நடுவிலேயே அடங்கிவிடும். இடத்தைத் தின்பது ஸ்டேஷன்தான். நடைமேடை, படிக்கட்டு, லிஃப்ட், எஸ்கலேட்டர் என்று ரெண்டு பக்கமும் கீழே இறங்க வேண்டும். அடி வாங்குவது ரோட்டு முகப்பில் இருக்கிற கடைகளும் முதல் வரிசை வீடுகளும். 110 அடி, அதாவது முப்பத்து மூன்றரை மீட்டர் உள்ளே இருக்கிற வீட்டை எடுப்பதற்கான வாய்ப்பு குறைவு. உங்கள் தெருமுனையிலேயே ஸ்டேஷன் வாசல் வந்தால் மட்டும் கணக்கு மாறும். அதனால் புரோக்கரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டேஷன் எங்கே? அதைக் காட்டும் வரைபடம் இல்லாமல் 'வரிசையே போய்விடும்' என்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மாடி எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், ஒரு நிபந்தனையோடு. 1986 வீடென்றால் பெரும்பாலும் கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் செங்கல் சுவர்தான், தூண், பீம் இருக்காது. ஒரு பொறியாளரை வைத்து ஒரு மூலையில் தோண்டி அஸ்திவார ஆழத்தைப் பாருங்கள், கரிசலா செம்மண்ணா என்பதையும் சேர்த்து. ஒரு மாடி தாங்கலாம், ஆசைப்பட்டு ரெண்டாவது வேண்டாம். மாநகராட்சி அனுமதியை இப்போதே முறையாக வாங்கிவிடுங்கள். சென்னையில் மெட்ரோ பாதையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் கட்டுவதற்கு மெட்ரோ நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். இங்கும் பாதை உறுதியானால் உங்கள் வீடு அந்த எல்லைக்குள்தான் விழும். படுக்கையறை ஜன்னல்களை ரோட்டுப் பக்கம் வைக்காதீர்கள். ரயில் கிட்டத்தட்ட மூணு மாடி உயரத்தில், காலையிலிருந்து இரவு வரை போகும். குடியிருப்புப் பகுதிக்கு விதித்த ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. பஸ் ஹாரனில் சத்தி ரோடு அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அதிர்வைப் பற்றியும் பயப்படுவார்கள். சென்னையில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்ட கதைகள் பெரும்பாலும் சுரங்கம் தோண்டிய இடங்களில் வந்தவை. இங்கே சுரங்கமே இல்லை. தூணுக்குக் குழியைத் துளைத்து இறக்குவார்கள், நம் ஊரில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை வந்துவிடுவதால் அந்த நாட்களில் சத்தம் காதைப் பிளக்கும். உண்மையான தொல்லை அதுகூட இல்லை, ரோட்டை அடைத்ததும் வண்டிகளெல்லாம் உங்கள் தெருவுக்குள் நுழைவதுதான். 2020இல் தொடங்கி 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி ரோடு மேம்பால வேலையின்போது பீளமேட்டில் குறுக்குச் சந்துகள் பட்ட பாடு நினைவிருக்கும். வாடகைக்கு விடும்போது அந்த நாலைந்து வருடத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஒருவேளை மெட்ரோவுக்காக உங்கள் இடத்தை அரசு எடுத்தால் என்ன கிடைக்கும்? சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 1997ஆம் ஆண்டுத் தொழில்துறை நோக்க நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தினார்கள். இழப்பீட்டை 2013 மத்தியச் சட்டத்தின் முறைப்படி கணக்கிடுவார்கள். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம், அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடத்தில் பதிவான பத்திரங்களில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரி இன்னொரு பக்கம், எது கூடவோ அதுதான் அடிப்படை. கட்டடத்துக்கும் மரங்களுக்கும் தனி மதிப்பு. இதெல்லாம் சேர்ந்த தொகைக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை. உங்கள் தெருவில் எல்லோரும் பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டிருந்தால் அந்தச் சராசரியும் குறையும். ஊர் வழக்கத்துக்கு நாமே கொடுக்கும் அபராதம் அது.

விலை ரெண்டு மடங்காகும் என்பவருக்கும் ஒரு பதில். ரோட்டு முகப்புக் கடைக்கு அது பலிக்கலாம். உள்வரிசை வீட்டுக்குக் கூடுவது வாடகைதான், அதுவும் ரயில் ஓடிய பிறகு.

இந்த மாதமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பத்திரம், பட்டா, நகர நில அளவைப் பதிவேடு மூன்றிலும் பரப்பு ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். வீடு இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறதா? அப்படியானால் வாரிசுச் சான்று வாங்கி, அக்கா தங்கைகளின் விடுதலைப் பத்திரத்தையும் பதிந்து முடித்துவிடுங்கள். உரிமையில் தகராறு இருந்தால் இழப்பீடு உங்கள் கைக்கு வராது, டெபாசிட்டில் போய்த் தூங்கும். சுவரில் இப்போதே விரிசல் இருந்தால், எது பழையது, எது மெட்ரோ வேலையில் வந்தது என்று பின்னால் காட்ட, பக்கத்தில் ஒரு ஸ்கேலைப் பிடித்து, அன்றைய நாளிதழும் தெரிகிற மாதிரி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.