டிராஃபிக்கில் மட்டும் சூடாகும் இன்ஜின்: ரேடியேட்டரை மாற்றும் முன்…

கேள்வி: சிக்னலில் நின்றாலோ நெரிசலில் ஊர்ந்தாலோ என் காரின் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. கொஞ்சம் வேகம் எடுத்தால் தானாகவே இறங்கிவிடுகிறது. ரேடியேட்டர் அடைத்துவிட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தால் இன்ஜின் அதிகம் உழைக்கும்போதுதான் முதலில் சூடு ஏறும்: மேட்டில், முழு லோடில், நெடுஞ்சாலை வேகத்தில். உங்கள் கார் ஓடும்போது குளிர்கிறது, நின்றால் சூடாகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. எனவே முதல் சந்தேகம் ஃபேன் மீதுதான் வர வேண்டும்.

அதற்கும் முன்னால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் அதன் சூட்டை அளக்கும் சென்சாரின் முனை நீராவியில் நிற்கும், அது தரும் கணக்கு தப்பாகும், ஃபேனும் நேரத்துக்குச் சுற்றாது. அளவு சரி என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கியதும் ரேடியேட்டர் ஃபேனும் சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். சுற்றாவிட்டால் உடனே மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது. ஏசி கேஸ் தீர்ந்திருந்தால் கம்ப்ரஸரே ஓடாது, அதனால் ஃபேனும் வராது.

அடுத்து ஏசியை அணைத்துவிட்டு வண்டியை ஐட்லிங்கில் விடுங்கள். கூலன்ட் சுமார் 95 முதல் 100 டிகிரியைத் தொடும்போது ஃபேன் முதல் வேகத்தில் சுற்றும். அதற்குமேல் ஏறினால் இரண்டாம் வேகத்துக்கு மாறும். சரியான எண் மாடலுக்கு மாடல் வேறுபடும். டேஷ்போர்டு முள்ளை நம்பி இதைப் பார்க்க முடியாது. இன்றைய கார்கள் பலவற்றில் கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது சூடு எல்லையைத் தாண்டியிருக்கும். காரின் கணினியில் பதிவாவதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகி உண்மையான எண்ணைப் பாருங்கள். பி0480 (P0480) என்ற கோளாறு எண் வந்தால் ஃபேன் கன்ட்ரோல் சர்க்யூட்டில் கோளாறு. பி0117, பி0118 வந்தால் கூலன்ட் சென்சாரையோ அதன் வயரிங்கையோ பார்க்க வேண்டும்.

கேள்வி: ஃபேன் சுற்றவே இல்லை. மோட்டாரா, ரிலேவா, சென்சாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாக வாங்கி மாட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பதில்: மாட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும். எந்த நேரமும் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், சாவியை எடுத்த பிறகும்கூட. ஆகவே பிளேடு பக்கம் கை போகும் வேலைகளுக்கு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

முதலில் ஃபியூஸ். ஃபேனுக்கு பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அது எரிந்திருந்தால் புதிது போட்டுவிட்டு நிம்மதி அடையாதீர்கள். இறுகிப்போன மோட்டார் அதிக கரன்ட் இழுத்துதான் வழக்கமாக ஃபியூஸை எரிக்கும். பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

பிறகு ரிலே, அதாவது ஃபேனுக்குப் போகும் கரன்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். அதே ஃபியூஸ் பெட்டியில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே எண் போட்ட ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. தனியாகச் சோதிப்பதானால் 85, 86 முனைகளுக்கு 12 வோல்ட் கொடுத்ததும் 'டிக்' என்ற சத்தம் வர வேண்டும், 30க்கும் 87க்கும் இடையே இணைப்பு கிடைக்க வேண்டும். சத்தம் மட்டும் வந்து உள்ளே கான்டாக்ட் கருகியிருப்பதும் உண்டு, அதனால் சத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, ஃபேன் கப்ளர், அதாவது வயர் வந்து செருகும் பிளக். ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் அங்கே 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் எர்த் வயரைப் பாருங்கள். எர்த்தும் நன்றாக இருந்தால் கோளாறு மோட்டாரில். மோட்டாரின் பின்புறத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டியதும் ஓட ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அது மறுபடி நிற்கத்தான் போகிறது. கப்ளரின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் மோட்டாரோடு கப்ளரையும் மாற்றச் சொல்லுங்கள். தளர்ந்த பழைய பின்னில் புதிய மோட்டாரைச் செருகினால் அந்த இடம் மறுபடி சூடாகிக் கருகும்.

இரண்டு வயர் மட்டுமே உள்ள மோட்டாரைக் கழற்றி, 30 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த தடித்த வயரால் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தும் பார்க்கலாம். மூன்று நான்கு வயர் போய் எலக்ட்ரானிக் மாட்யூலோடு வரும் ஃபேனில் இதைச் செய்யாதீர்கள், மாட்யூல் போய்விடும்.

இரண்டு ஃபேன் உள்ள வண்டிகளில் ஒரு விசேஷம் உண்டு. சில மாடல்களில் குறைந்த வேகத்துக்கு இரண்டு மோட்டார்களையும் தொடராக இணைத்து ஆளுக்குச் சுமார் 6 வோல்ட் கொடுப்பார்கள். முழு வேகத்தில் இரண்டுக்கும் தனித்தனியே 12 வோல்ட் போகும். இந்த அமைப்பில் ஒரு மோட்டார் உள்ளே அறுந்துவிட்டால் குறைந்த வேகத்தில் இரண்டும் நின்றுபோகும், முழு வேகத்தில் நல்லது மட்டும் சுற்றும். இது தெரியாமல் இரண்டு மோட்டார்களையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு பல கார்களில் முதல் வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் இருக்கும். முழு வேகம் வருகிறது, முதல் வேகம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சின்ன ரெசிஸ்டர்தான் அறுந்திருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து ஃபேன் மட்டும் வரவில்லை என்றால் சென்சார். அதன் கப்ளரைக் கழற்றினால் பல கார்களில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். அப்போது ஃபேன் ஓடினால் ரிலே, மோட்டார், வயரிங் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

கேள்வி: புதிய ஃபேன் மோட்டார் போட்ட பிறகும் நின்றால் சூடாகிறது. ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது.

பதில்: எந்தத் திசையில் சுற்றுகிறது? இன்ஜின் பக்கம் ஃபேன் உள்ள வண்டியில், முன் கிரில் எதிரே ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு, அதாவது ஷ்ரௌட், உடைந்திருந்தாலும் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தாலும் காற்று ரேடியேட்டர் வழியே வராமல் ஓரத்தில் நழுவிவிடும். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து சுத்தமாகத் தெரியும் வண்டியிலும் அந்த இடுக்கில் தூசியும் பூச்சியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷர் மெல்லிய ஃபின்களை மடக்கிவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஃபேனையும் இக்னிஷனில் டைரக்ட் கொடுத்துவிட்டால் பிரச்சினையே வராது என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலன்ட் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத இன்ஜின் உரிய சூட்டை எட்ட வெகுநேரம் எடுக்கும். அதுவரை ஈசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றும், சிலிண்டர் தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அதுவே மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலே சுற்றும், சூடு இன்னும் ஏறும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம். பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில், பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள், திறக்கத் தொடங்க வேண்டும்.

டைரக்ட் ஃபேன் உண்மையான கோளாறை மறைக்கும். அந்த வயர் எரிந்தால் எச்சரிக்கவும் ஒன்றும் இருக்காது.

கேள்வி: கூலன்ட் வாங்கும்போது எந்த நிறம் வாங்குவது? வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன?

பதில்: நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஓனர் மேனுவலில் சொன்ன வகையை லேபிளில் தேடுங்கள். கான்சன்ட்ரேட்டா, கலந்து வருவதா என்றும் பாருங்கள். கலந்து வரும் கூலன்டில் மேலும் தண்ணீர் சேர்த்தால் நீர்த்துப்போகும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலவை திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1.1 பார் அழுத்தத்துக்கான ரேடியேட்டர் மூடி போட்டு அழுத்தம் ஏறினால் அது 130 டிகிரியை நெருங்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே பெரிய செலவுக்கு முன் மூடியை மாற்றிப் பார்ப்பது நியாயமானது. குழாய்த் தண்ணீர் உப்புப் படிந்து அடைக்கும், துருவும் பிடிக்கும். அவசரத்துக்கு ஊற்றினால் பிறகு முழுவதும் வடித்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். இந்தக் கோளாறு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இன்ஜின் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது பானெட் சூடாக இருந்தால் வேறு நாள் கேளுங்கள். மூடியைத் திறந்து பாருங்கள். துரு நிறத் தண்ணீர், எண்ணெய்ப் படலம் இரண்டும் கெட்ட அறிகுறி. ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) வழியே சிலிண்டரில் எரிந்த வாயு கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். பிளாக் டெஸ்ட் கேளுங்கள். டேங்கிலிருந்து வரும் காற்றில் எரிந்த வாயு இருந்தால், பெட்ரோல் காரில் சோதனைக்கான நீலத் திரவம் மஞ்சளாகும்.

பிறகு ஏசி போடாமல் 20 நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, ஃபேன் தானாக வந்து தானாக நிற்கிறதா என்று காத்திருந்து பாருங்கள். சாவி போட்ட உடனேயே ஃபேன் சுற்றினால் கப்ளரிலிருந்து வயரைத் தொடர்ந்து போங்கள். டேப் சுற்றிய ஒட்டு வயரோ, டேஷ்போர்டுக்குக் கீழே தனி ஸ்விட்சோ கிடைத்தால் அந்த வண்டி முன்பே சூடாகியிருக்க வாய்ப்பு அதிகம். பிளாக் டெஸ்ட் முடிவு கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.