ரேடியேஷன் கொடுத்த மூளைக் கட்டி திரும்ப வந்திருக்கிறது. இப்போது காமா நைஃப் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எல்லாருக்கும் இல்லை. காமா நைஃப் என்பது கத்தி இல்லாமல், மெல்லிய கதிர்கள் பலவற்றைக் கட்டியின் மேல் குவித்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. முதல் தடவை வாங்கிய கதிர்வீச்சின் பாதிப்பிலிருந்து மூளை முழுமையாக மீள்வதில்லை. அதனால் முதலில் கட்டியின் அளவைத்தான் பார்ப்பார்கள். முன்பே ரேடியேஷன் பெற்றவர்களிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆர்டிஓஜி (அமெரிக்கக் கதிர்வீச்சு சிகிச்சை ஆய்வுக் குழு) 90-05 ஆய்வு ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய உச்ச அளவைச் சொன்னது: 2 செ.மீ. வரை 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 3 செ.மீ. வரை 18, 4 செ.மீ. வரை 15. கட்டி பெரிதானால் சுற்றியுள்ள நல்ல மூளையும் அதிகம் சிக்கும், டோஸ் குறைவது அதனால்தான். பார்வை நரம்பு பக்கத்தில் இருந்தால் அதன் மேல் 8 முதல் 10 கிரேக்கு மேல் விழக்கூடாது. அப்போது ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுப்பதே நல்லது.

முதல் சிகிச்சை நடந்த இடத்திலிருந்து டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு) வடிவில் பிளான், டோஸ் ஃபைல்களைக் கட்டாயம் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "60 கிரே, 30 தடவை" என்று மட்டும்தான் இருக்கும். எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்பது அதில் இருக்காது. மறுபடி கொடுப்பவருக்கு வேண்டியதே அதுதான்.

காமா நைஃப் கொடுக்கும் நாளில் நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு என மரத்துப்போக ஊசி போட்டு, அந்த நான்கு இடத்திலும் திருகாணியால் ஃபிரேமைப் பொருத்துவார்கள். வலி பெரும்பாலும் அந்த ஊசியோடு சரி. பிறகு 1 மி.மீ. இடைவெளியில் கான்ட்ராஸ்ட் (கட்டியைப் பளிச்சென்று காட்டும் மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும்) எம்ஆர்ஐ. சில வாரம் பழைய ஸ்கேனை வைத்துத் திட்டமிட்டால், இடையில் வளர்ந்த ஓரம் விட்டுப்போகும்.

கிளியோபிளாஸ்டோமா (மூளையிலேயே தோன்றும் வேகமான புற்றுநோய்) என்றால் கணக்கே வேறு. அதன் ஓரம் ஸ்கேனில் தெரிவதோடு முடிவதில்லை. பெவாசிசுமாப் (புதிய ரத்தக்குழாய் வளர்வதைத் தடுக்கும்) மருந்தோடு 10 தடவையில் 35 கிரே கொடுத்துப் பார்த்த ஆர்டிஓஜி 1205 ஆய்வில், ஆறு மாதம் வரை கட்டி வளராமல் இருந்தவர்களின் எண்ணிக்கை கூடியது, ஆயுள் கூடவில்லை. இதை நோயாளியின் குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் அந்த இடம் பெரிதாக, வெள்ளையாகத் தெரியலாம். உடனே கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், கதிர்வீச்சில் செத்த திசுவும் அப்படித்தான் தெரியும். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐயில் அது குறைவாக இருந்தால் பெரும்பாலும் செத்த திசு, கூடுதலாக இருந்தால் கட்டி. செத்த திசுவால் வீக்கம் இருந்தால் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, அது போதாவிட்டால் பெவாசிசுமாப். டெக்சாமெத்தசோன் எடுக்கும்போது சர்க்கரை ஏறும், தினமும் பாருங்கள். தலைவலி நின்றுவிட்டதே என்று மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.