போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது காசைக் கரியாக்கும் வேலையா?

கேள்வி: "வயது 34. மேசை மேல் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கான 28 மி.மீ. உருவங்களை வாங்கி வண்ணம் பூச ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் எல்லாரும் 'பொம்மை வைத்து விளையாடுகிற வயசா இது, காசைக் கரியாக்குகிறாயே' என்கிறார்கள். தொடரலாமா, விட்டுவிடலாமா?"

தொடருங்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் "காசைக் கரியாக்குகிறாயே" என்ற அதே வார்த்தையை 2009 தீபாவளியன்று என் தாய்மாமா பத்துப் பேர் எதிரில் என்னைப் பார்த்துச் சொன்னார். அதனால் ஒற்றை வார்த்தையோடு நிறுத்த மனம் வரவில்லை.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு ஓரம்தான் உங்களுக்கு. எல்லாரும் படுத்த பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவீர்கள். பார்சல் வரும்போது வீட்டில் ஆள் இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைப்பீர்கள். அப்படி ஒளிக்காதீர்கள். ஒளித்தால் தப்பு செய்கிற மாதிரி ஆகிவிடும்.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். என் வயதுக்காரர்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இங்கே குறைவு. எனக்குத் தெரிகிறதென்றால், ஆயா, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ஒரு சனிக்கிழமை விடாமல் என்னைக் கையைப் பிடித்துத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதால்தான். தொழில், பல் செட் செய்வது. டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். நான் லேபில் உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். 27 வருஷமாக இதே வேலை. மெழுகு செதுக்குகிற அதே கரண்டிகளால்தான் வீட்டில் உருவங்களுக்கு முண்டாசு கட்டுகிறேன்.

"பெரிய மனுஷன் செய்கிற காரியமா" என்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பழைய ஜெர்மன் ராஜ்யமான பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும் இந்த மாதிரி விளையாட்டை உருவாக்கினார்கள். அப்பா 1812இல் ராஜாவுக்கே செய்து காட்டினார். மகன் 1824இல் விதிகளை அச்சிட்டார். அதை வைத்துப் பிரஷ்யப் படை தன் அதிகாரிகளைப் பழக்கியது. குழந்தைகளுக்கென்று பிறந்த விளையாட்டே அல்ல இது.

இனி என் கதை. இங்கே போர் விளையாட்டு என்றால் பெரும்பாலும் 1879இல் பிரிட்டிஷார் ஜூலுக்களோடு போட்ட யுத்தம், அதற்கடுத்து டச்சு வழிக் குடியேறிகளான போயர்களோடு போட்ட போயர் யுத்தம். ஜூலு யுத்தம் நடந்த இசண்டில்வானாவும் ரோர்க்ஸ் டிரிஃப்டும் எங்கள் மாகாணத்திலேயே இருக்கின்றன, அதனால் ஆசை அதிகம். சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள், கேடயம் பிடித்த ஜூலு வீரர்கள், காக்கி உடுப்புக்காரர்கள், தாடி வைத்த போயர்கள் என்று எல்லாரும் பெட்டி பெட்டியாகக் கிடைப்பார்கள். நானும் இரண்டு வருஷம் அவர்களுக்குத்தான் பூசினேன். ஒரு நாள் இரவு நாற்பதாவது காக்கிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பெட்டிகளில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லையே என்று உறைத்தது.

ஆயா சொல்வார், அவருடைய மாமனார் "சண்டையிலே டோலி தூக்கினவர்" என்று. வட ஆற்காட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் கரும்பு வெட்டியவர். சின்ன வயதில் அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். போயர் யுத்தத்தில், 1899 டிசம்பரில் கொலென்சோ சண்டையின்போதே காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை களத்தில் இருந்தது. சுமார் 1,100 பேர். அதில் சுதந்திரமாக இருந்தவர்கள் 300 பேர் அளவில், மீதி எல்லாரும் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்கு, அதாவது இந்தப் பகுதிக்கு, வந்த கூலிகளில் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள் என்பதால், அந்தப் படையில் எத்தனை தமிழ் குரல் கேட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அடுத்த மாதம் ஸ்பியான் கோப் மலைச் சண்டை. 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷ் படை மலையேறியது. மேலே பாறை, ஆழமாகக் குழி வெட்ட முடியவில்லை. 24ஆம் தேதி காலை மூடுபனி விலகியபோது, சுற்றியிருந்த மேடுகளில் போயர்கள். அந்த ஆழமில்லாத குழிக்குள்ளேயே ஆட்கள் அடுக்கடுக்காக விழுந்தார்கள். குண்டு விழும் எல்லைக்குள் வர வேண்டும் என்று இந்தியர்களுக்குக் கட்டாயம் இல்லை. வந்தால் நன்றியோடு இருப்போம் என்றுதான் பிரிட்டிஷ் ஜெனரல் புல்லர் கேட்டார். போனார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள் என்று காந்தியே எழுதியிருக்கிறார். அவர்கள் தூக்கி வந்தவர்களில் ஜெனரல் வுட்கேட்டும் ஒருவர்.

"உன் கொள்ளுத்தாத்தா போனதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்க இருப்பவர்களுக்கு: போர் மெடல் கிடைத்தது தலைவர்களுக்குத்தான். கூலிக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஆயாவின் வாய்ச்சொல் இருக்கிறது, எனக்கு அது போதும். காந்தியைப் பற்றி இங்கே சண்டை போடவும் வராதீர்கள். அவர் இந்த நாட்டில் சரியாகச் சொன்னதையும் தவறாகச் சொன்னதையும் நாங்கள் வீட்டுக்குள்ளேயே நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேசுவது தூக்கியவர்களைப் பற்றி. போரைக் கொண்டாடுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். என் ஆட்கள் கையில் துப்பாக்கியே கிடையாது.

காக்கி உடுப்பில் ஸ்ட்ரெச்சர் தூக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஈய உருவமாக வாங்கினேன். மெல்லிய ரம்பத்தால் தலையை அறுத்தெடுத்தேன். கழுத்தில் ஊசித் துளையிட்டுப் பித்தளைக் கம்பி சொருகி, வேறு தலை பொருத்தினேன். பச்சைப் பசை என்று ஒன்று உண்டு. நீலமும் மஞ்சளுமாக இரண்டு துண்டு வரும், சம அளவில் பிசைந்தால் பச்சையாகி, ஒரு மணி நேரத்துக்குக் களிமண் மாதிரி வளையும். மறுநாள் கல். அதை நூல் மாதிரி உருட்டி, தலையைச் சுற்றி முண்டாசாகச் சுற்றி, ஈரக் கரண்டியால் மடிப்பு அழுத்தினேன். கரண்டியில் ஈரம் இல்லாவிட்டால் முண்டாசு கரண்டியோடு கழன்று வந்துவிடும். தலைவர்களுக்கு, அந்தக் காலத்துப் புகைப்படத்தில் இருக்கிறபடி, கையில் செஞ்சிலுவைப் பட்டை.

உருவம் முடிந்தது. நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

நான் முதன்முதலில் வாங்கிய வண்ணச் செட்டில் "ஃபிளெஷ்" என்று பேர் போட்ட குப்பி ஒன்று இருந்தது. தோலின் நிறமாம். திறந்தால் வெள்ளைக்காரர் கன்னத்து ரோஸ். மாநிறத்துக்கு ஒரு குப்பி கிடையாது. கறுப்புத் தோலுக்கு நானே ஒன்றைக் கலந்தேன், செத்த நிறமாக வந்தது. ஏழெட்டு முகங்களைக் கழுவிக் கழுவித் திரும்பப் பூசினேன். உங்களுக்கு இந்தப் பாடு வேண்டாம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடிப் பூச்சு அடர் பழுப்பு, அதில் ஒரு சொட்டு சிவப்பு. கறுப்பைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். அது காய்ந்ததும் செம்பழுப்பைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிடுங்கள், கண்குழியிலும் மூக்கோரத்திலும் விரலிடுக்கிலும் தேங்கி அதுவே நிழலாகிவிடும். அடுத்தது நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, முழங்கால். இங்கே வெளிச்சம் காட்ட எல்லாரும் வெள்ளையைக் கலப்பார்கள். வெள்ளை கலந்தால் நம் தோல் சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி ஆகிவிடும். காவி மஞ்சளும் துளி ஆரஞ்சும் கலக்க வேண்டும். கரும்புக் காட்டில் வெயிலில் நிற்பவர் நெற்றி செம்பு மாதிரி மின்னுமே, அதுதான் வேண்டும். நான்கு பேருக்கும் ஒரே நிறம் பூசாதீர்கள். ஒருவர் சிவப்பு, ஒருவர் மாநிறம், இரண்டு பேர் நல்ல கறுப்பு. நம் வீட்டுக் கல்யாண போட்டோவை எடுத்துப் பாருங்கள், எத்தனை நிறம்!

கண்ணைப் பற்றி ஒன்று. கோயிலில் சிற்பி கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். அந்தப் பழக்கத்தில் நானும் கடைசியில் வைத்தேன். கை ஒரு மயிரிழை பிசகினாலும் முடித்த முகம் மொத்தமும் போய்விடும். இப்போது அடிப் பூச்சு காய்ந்ததுமே கண்ணை வைத்துவிடுகிறேன், பிசகினால் சுற்றியுள்ள தோலால் மூடித் திருத்தலாம்.

நிறம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பல் செட்டின் ஈறு அக்ரிலிக்கும் இதே கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் லேபுக்கு வந்ததெல்லாம் ரோஸ் நிறம். நம்மில் பலருக்கு ஈறு பழுப்பு, சிலருக்குக் கத்தரிப்பூ நிறம். அறுபது வருஷம் சொந்தப் பல்லோடு சிரித்த ஒரு அம்மா, செட் போட்ட அன்றிலிருந்து சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டார். "இது என் வாய் மாதிரி இல்லை தம்பி" என்றார். பொருள் கொண்டுவந்து கொடுப்பவரிடம் கேட்டேன். அதற்கெல்லாம் கிராக்கி இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். எங்கள் ஊரில் கிராக்கி இல்லையாம்! உலகத்தில் பழுப்பு ஈறுக்கும் அக்ரிலிக் செய்கிறார்கள் என்பதை நானே தேடித் தெரிந்துகொண்டு, வரவழைத்து, அந்த அம்மாவுக்குத் திரும்பச் செய்துகொடுத்தேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். ஆறு ஸ்ட்ரெச்சர், இருபத்து நான்கு ஆட்கள். முடிக்க ஏழு மாதம் ஆனது. மாதம் ஒருமுறை ஒரு ஹாலில் விளையாட்டு நடக்கும், அங்கே எடுத்துக்கொண்டு போனேன். ஸ்பியான் கோப் மேசை போட்டிருந்தார்கள். ஒருவர் என் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவர்கள் விளையாட்டின் படைப் பட்டியலிலேயே இல்லையே, இவர்களுக்குப் புள்ளியும் கிடையாது, வேண்டுமானால் அலங்காரத்துக்கு ஓரமாக வை என்றார். இன்னொருவர், இந்தியர்கள் அந்தச் சண்டைக்கு வரவே இல்லை என்றார். நான் எண்ணிக்கையோடு சொன்னேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, யாரும் இடத்தை மாற்றவும் இல்லை. மாலை வரை என் ஆட்கள் டீ கப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து நானே விதி எழுதினேன். தெர்மோகோலில் மலை வெட்டி, மேலே பதுங்குகுழி. போயர், பிரிட்டிஷ் சண்டை வழக்கம்போல நடக்கும். விழுகிற ஒவ்வொரு ஆளும் அதே இடத்தில் கிடப்பார். ஸ்ட்ரெச்சர் வெறுமையாக இருந்தால் ஒரு முறைக்கு ஆறு அங்குலம், ஆளோடு வந்தால் நான்கு. யாரும் அவர்களைக் குறிவைக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் சுடும்போது பகடையில் ஒன்று விழுந்தால் ஒரு ஆள் விழுவார், ஸ்ட்ரெச்சர் அங்கேயே நிற்கும். அடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் புள்ளி. மலையை யார் பிடித்தார்கள் என்பதற்குப் புள்ளியே கிடையாது. என் மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் விளையாடினார்கள். இரண்டு பேரும் சண்டையை மறந்துவிட்டு, மேலே கிடப்பவர்களை எப்படி இறக்குவது என்றே இரவு பதினோரு மணிவரை யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷத் தைப்பூசக் காவடி முடிந்து மாமா வீட்டுக்கு வந்தார். தீபாவளியன்று பேசிய அதே மாமா. அவர் தன் தாத்தாவோடு பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருந்தவர். மேசையில் இருந்ததைப் பார்த்தார், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதுலே தாத்தா யாரு?" என்றார். முன்பக்கம் வலது கைப்பிடியில் நிற்பவரைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தாத்தாவுக்குக் காது இன்னும் பெருசுடா" என்றார்.

அன்று இரவே பசை பிசைந்து காதைப் பெரிதாக்கினேன்.

உங்களுக்குச் செலவுதான் கவலை என்றால் பெரிய பெட்டி வாங்காதீர்கள். ஐந்தாறு உருவம், ஏழெட்டுக் குப்பி போதும். பிரஷ்ஷில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இருப்பதிலேயே சின்னதைத் தேடாமல், முனை கூராக நிற்கிற எண் 1 ஒன்று வாங்குங்கள். சின்னதில் வண்ணம் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். முடி தொடங்கும் உலோகப் பகுதிவரை வண்ணம் ஏறவிடாதீர்கள். கெட்டியாக ஒரு பூச்சுக்குப் பதில் நீர்க்க இரண்டு. உங்கள் ஊரும் டர்பன் மாதிரி கடற்கரை ஊர் என்றால், புழுக்கமான நாளில் ப்ரைமர் ஸ்ப்ரே (வண்ணம் ஒட்டுவதற்காக முதலில் அடிப்பது) அடிக்காதீர்கள், முகமெல்லாம் மணல் தூவின மாதிரி ஆகிவிடும். நான் ஜூன், ஜூலையில் காற்று காய்ந்த நாளாகப் பார்த்து வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக அடித்து வைத்துவிடுவேன்.