சூழல் பண்பாட்டை எப்படி வடிவமைக்கிறது?
ஒரு மக்களின் வாழ்க்கைமுறையைச் சுற்றுச்சூழல் எந்த அளவுக்கு உருவாக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் செய்யும் 'சூன்யோ' என்ற உருளைக்கிழங்கு வற்றல்.

பெருவிலும் பொலிவியாவிலும் சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது இதைச் செய்யும் மேட்டுநிலம். ஜூன், ஜூலையில் இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். உருளைக்கிழங்கைத் தரையில் பரப்பிவிடுவார்கள். இரவில் உறைந்த கிழங்கு பகலில் இளகும். வெறுங்காலால் மிதித்தால் தண்ணீர் பிதுங்கி வெளியேறும், தோலும் உரியும். சில நாள் இப்படியே செய்து காயவைத்தால் கூழாங்கல் போல இறுகிய, எடையில்லாத வற்றல் கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் கெடாது.

விளைச்சல் அடிக்கடி பொய்க்கும் இடத்தில் இது உயிர்காக்கும் உணவு. ஒருகாலத்தில் ஆண்டிஸ் பகுதியை ஆண்ட இன்கா அரசு மலைச்சரிவுகளில் களஞ்சியங்கள் கட்டி இதைச் சேமித்தது. படைக்குச் சாப்பாடு போட்டது. கணக்கைக் கயிற்று முடிச்சுகளில் வைத்தார்கள், எழுத்தே இல்லாமல்!

ஆனால் எல்லாவற்றையும் சூழலே தீர்மானிக்கிறது என்பதை நான் ஏற்கமாட்டேன். திபெத்திலும் அதே உயரம், கடுங்குளிர். அங்கே வறுத்த பார்லி மாவும் யாக் வெண்ணெயும்தான் சாப்பாடு. உருளைக்கிழங்கு ஆண்டிஸில் பிறந்த பயிர். திபெத்தியர் கையில் அன்று அது இல்லை.