ஆபீஸ் நெட்வொர்க்கில் யாரோ செருகிய ரவுட்டர்

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். 3 மாடி, 70 கம்ப்யூட்டர்கள். எங்கள் ஐபி முகவரிகள் 10.10 என்று தொடங்கும். ஒரு வாரமாகச் சில கம்ப்யூட்டர்களுக்குத் திடீரென்று 192.168.0 என்று தொடங்கும் முகவரி வருகிறது. உடனே நெட், டேலி, பிரிண்டர் எல்லாம் போய்விடுகின்றன. வைஃபை பட்டியலில் எங்களுடையது அல்லாத நாலைந்து பெயர்கள் தெரிகின்றன. யாரைக் கேட்டாலும் "நான் இல்லை" என்கிறார்கள். ஜாமர் வைத்து அடக்கிவிடலாமா என்கிறார் முதலாளி. என்ன செய்வது?

பதில்: முதலாளியின் யோசனையைக் கடைசியில் பார்ப்போம். முதலில் அந்த 192.168.0. யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் இருக்கும் நெட்வொர்க் கேபிளைச் செருகியிருக்கிறார். அதுவும் தப்பான ஓட்டையில். வெளி இணைப்பு வரும் வான் (WAN) போர்ட்டில் போடவேண்டிய கேபிளை, கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் (LAN) போர்ட்டில் போட்டுவிட்டார். அதனால் அந்த ரவுட்டரின் டிஹெச்சிபி, உங்கள் சர்வருக்குப் போட்டியாக ஆபீஸ் முழுவதற்கும் முகவரி வழங்குகிறது. எது முந்துகிறதோ அதன் முகவரி கம்ப்யூட்டருக்குக் கிடைக்கிறது. ரவுட்டரை வைத்தவருக்கே பாதி நேரம் நெட் வந்திருக்காது!

வைஃபை பட்டியலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதில் பக்கத்து கம்பெனியும் இருக்கும், யாரோ ஒருவரின் போன் ஹாட்ஸ்பாட்டும் இருக்கும். உங்கள் கேபிளில் தொங்காத வைஃபை உங்கள் தலைவலி அல்ல. (உங்கள் வைஃபையின் பெயரையே வைத்துக்கொண்டு ஒன்று ஒளிபரப்பினால் அது வேறு கதை; பாஸ்வேர்டு திருட வைத்த பொறியாக இருக்கலாம்.) கேபிள் வழியாகப் போனால் ஆளைச் சீக்கிரம் பிடிக்கலாம்.

பாதிக்கப்பட்ட ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுங்கள். டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் 192.168.0.1 போல ஒரு முகவரி இருக்கும். அதை ஒருமுறை பிங் செய்துவிட்டு (பதில் வருகிறதா என்று கேட்பது) 'ஏஆர்பி -ஏ' கொடுத்தால் அதன் மேக் அட்ரஸ், அதாவது அந்தக் கருவியின் அடையாள எண் கிடைக்கும். 12 எழுத்துகளில் முதல் 6 தயாரிப்பாளரைச் சொல்லும். அடுத்து, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் உங்கள் மெயின் நெட்வொர்க் சுவிட்சுக்குள் லாகின் செய்து, மேக் டேபிளில் அந்த அட்ரஸ் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் போர்ட் இன்னொரு சுவிட்சுக்குப் போனால் அங்கேயும் அதே வேலை. கடைசியில் ஒரு கேபிளில் வந்து நிற்பீர்கள்.

இப்படி லாகின் செய்யக்கூடிய மேனேஜ்டு சுவிட்ச் இல்லையா? சாப்பாட்டு நேரத்தில் அந்த முகவரிக்கு 'பிங் -டி' (நிற்காத பிங்) ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகுங்கள். எதைப் பிடுங்கும்போது பதில் நிற்கிறதோ அதுதான். எந்தக் கேபிள் எந்த மேசைக்குப் போகிறது என்று லேபிள் ஒட்டாதவர்கள் அன்றைக்குத்தான் வருத்தப்படுவார்கள்.

லேபிள் இல்லாவிட்டால் போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு நடக்கவேண்டியதுதான். அது சிக்னல் வலிமையை டிபிஎம் கணக்கில் காட்டும். மைனஸ் 80 டிபிஎம் என்றால் தூரம்; மைனஸ் 40 என்றால் கிட்டத்தட்ட கையெட்டும் இடம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வந்து ஏமாற்றும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் பட்டால் சட்டென்று குறையும் என்பதால் கடைசிப் பத்தடிக்கு அதுதான் கைகொடுக்கும். போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். உங்கள் முதுகு ரவுட்டர் பக்கம் இருக்கும்போது எண் இறங்கும். ஒரு அலுவலகத்தில் இப்படிச் சுற்றிச் சுற்றி நான் போய் நின்ற இடம் பிள்ளையார் படத்துக்கு முன்னால். சீரியல் பல்புக்கு இருந்த பிளக்கில் சொருகி, படத்துக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்திருந்தார்கள். மேலே விபூதி வேறு.

இனி முக்கியமான விஷயம். உங்கள் ஆள் தப்பான போர்ட்டில் செருகியதால்தான் அகப்பட்டார். சரியாக வான் போர்ட்டில் செருகியிருந்தால் ஒரு சத்தமும் வந்திருக்காது. அதன் பின்னால் 10 போன்கள் இருந்தாலும் உங்கள் சுவிட்சுக்கு ஒரே ஒரு மேக் அட்ரஸ்தான் தெரியும். அப்படி ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பார்க்க, மெயின் சுவிட்சில் போர்ட் மிரரிங் (மற்ற போர்ட்டுகளில் போவதை ஒரு போர்ட்டுக்கு நகலெடுப்பது) போட்டு, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் டிடிஎல் எண்ணைக் கவனியுங்கள். ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் இந்த எண்ணில் ஒன்று குறையும். விண்டோஸ் அனுப்பும் பாக்கெட்டில் அது வழக்கமாக 128, ஆண்ட்ராய்டில் 64. மாடியிலிருந்து நேராக வரவேண்டியது 127 அல்லது 63 என்று வந்தால், நடுவில் ஒரு ரவுட்டர் ஒன்றைக் கழித்திருக்கிறது.

இதில் என்ன ஆபத்து என்று முதலாளி கேட்டால் 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்பைச் சொல்லுங்கள். வெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாதுகாப்பில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் போனது அவர் வீட்டுக்குத்தான். உங்கள் பார்க்கிங்கில் நிற்பவர் அந்த ரவுட்டர் வழியாக நுழைந்தாலும் வெளியே தெரிவது உங்கள் கம்பெனி ஐபிதான்.

ஜாமர் வேண்டவே வேண்டாம். இந்தியாவில் தனியார் ஜாமர் வைப்பது சட்டவிரோதம். சில வைஃபை சிஸ்டங்களில் அந்நிய வைஃபையைத் துண்டிக்கும் வசதி உண்டு. அதையும் தொடாதீர்கள், பக்கத்து கம்பெனியின் இணைப்பும் சேர்ந்து அறுந்துபோகும். அமெரிக்காவில் விருந்தினர்களின் ஹாட்ஸ்பாட்டை இப்படி முடக்கியதற்காக 2014இல் மாரியட் ஹோட்டல் நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டியது.

மறுபடி வராமலிருக்க, சுவிட்சில் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (நம்பாத போர்ட்டிலிருந்து யாரும் முகவரி வழங்காமல் தடுப்பது) போடுங்கள். உங்கள் உண்மையான சர்வர் இருக்கும் போர்ட்டையும் சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளையும் முதலில் 'டிரஸ்ட்' செய்துவிட்டு ஆன் செய்யவும். மறந்தால் ஆபீசில் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது. ஆளில்லாத மேசைகளின் போர்ட்டுகளை அணைத்துவிடுங்கள். போர்ட் செக்யூரிட்டி (தெரிந்த மேக் அட்ரஸை மட்டும் அனுமதிப்பது) நல்லதுதான், ஆனால் கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸைக் காப்பியடிக்கும் வசதி சாதாரண ரவுட்டரிலேயே உண்டு. முழுப் பூட்டு வேண்டுமென்றால் 802.1எக்ஸ்; அடையாளத்தை நிரூபித்தால்தான் போர்ட் திறக்கும். 70 கம்ப்யூட்டருக்கு அது கொஞ்சம் பாடுதான். அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆளைக் கண்டுபிடித்ததும் சத்தம் போடாதீர்கள். பிள்ளையார் படத்து ரவுட்டரை வைத்தது ஒரு மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையரோடு வீடியோ கால் பேசும்போதெல்லாம் அந்த மூலையில் சிக்னல் அறுந்ததாம். மூன்று தடவை அட்மினிடம் சொல்லியும் நடக்கவில்லையாம். அங்கே ஒழுங்கான ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று போட்ட பிறகு அவரே ரவுட்டரை வீட்டுக்கு எடுத்துப்போனார். உங்கள் மாடியிலும் அந்த இடத்தில் நின்று உங்கள் வைஃபை எத்தனை டிபிஎம் காட்டுகிறது என்று பாருங்கள். பிடுங்குவதற்கு முன் அதன் பின்னால் வேறென்ன செருகியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்; பில்லிங் பிரிண்டர் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.