96 மணி நேரத்துக்குள் வர வேண்டிய கப்பல்

அன்புள்ள ஐயா,

மேடவாக்கத்தில் இருக்கிறேன். இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. எங்கள் கல்லூரிப் பேருந்து தினமும் பள்ளிக்கரணை என்.ஐ.ஓ.டி. (தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம்) வாசலைத் தாண்டித்தான் போகும். 2025 ஆகஸ்டில் நம்மவர்கள் இருவர் அட்லாண்டிக்கில் பிரெஞ்சுக்காரர்களின் நாட்டீல் என்ற ஆழ்கடல் மூழ்கி வண்டியில் 4,025 மீட்டரும் 5,002 மீட்டரும் இறங்கிய செய்தியைப் படித்தபோது முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் யோசித்தால் வெட்கமாகிவிட்டது. சீனா 2020இலேயே தன் சொந்த வண்டியில் 10,909 மீட்டர் போய்விட்டது. நாம் இரவல் வண்டியில் அதில் பாதிகூட எட்டவில்லை. ஒலிம்பிக் பதக்கப் பட்டியலைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. பாகிஸ்தானைக் கிரிக்கெட்டில் ஜெயிக்க வேண்டும் என்று நமக்கு இருக்கும் வெறி, ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்பும் சமுத்திரயானில் ஏன் இல்லை? ஆசியக் கோப்பையில் கைகுலுக்காமல் வந்தார்களே, அந்த ரோஷம் நம் விஞ்ஞானிகளுக்கும் வேண்டாமா?

கடைசியாக ஒன்று. கடல்சார் பொறியியலில் மேற்படிப்பு படிக்கலாமா, கிடைத்திருக்கும் ஐ.டி. வேலையில் சேர்ந்துவிடவா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

தினமும் கடந்துபோகும் ஒரு வாசலைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று யோசிக்கிறீர்களே, அதுவே எனக்கு நிறைவாக இருந்தது. அந்தச் சாலையில் போகிற பல ஆயிரம் பேருக்கு அது வெறும் பேருந்து நிறுத்தம். ஆனால் கடிதத்தின் நடுப்பகுதியைப் படித்ததும் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கைகுலுக்கல் விவகாரத்தை விட்டுவிடுவோம். அது அரசாங்கங்களுக்கு நடுவில் உள்ள விஷயம், ஆட்டக்காரர்கள் அதைச் சுமக்கிறார்கள். போட்டி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் ஊர்ச் சேப்பாக்கத்தைப் பாருங்கள். 1999 ஜனவரி 31. 271 ரன் இலக்கு. சச்சின் 136 அடித்து 254இல் அவுட். அடுத்த நான்கே ரன்னில் மிச்ச விக்கெட்டுகளும் போய், 12 ரன்னில் தோல்வி. நெஞ்சு வெடித்திருக்க வேண்டிய கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு இருபது மாதம் முன்பு, 1997 மே மாதம், அதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடித்தபோதும் கைதட்டியது இதே ஊர்தான். அந்தக் கைதட்டலில் ரோஷம் குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை.

இனி ஆழத்துக்கு வருவோம். உங்கள் கணக்கே தப்பு. 10,909, 5,002 என்று இரண்டு எண்ணையும் ஸ்கோர் போர்டு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டீர்கள். உலகக் கடல்தளத்தில் 6,000 மீட்டருக்குக் கீழே கிடப்பது 2 சதவீதத்துக்கும் குறைவு, பெரும்பாலும் அகழிகள். சமுத்திரயானுக்காக நாம் செய்யும் மூழ்கியான மத்ஸ்யா 6000 அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. 6,000 எட்டினால் ஏறக்குறைய கடல்தளம் முழுவதற்கும் போகலாம். மத்திய இந்தியப் பெருங்கடலில் நமக்கு ஆய்வு உரிமையுள்ள 75,000 சதுர கிலோமீட்டரில் உலோக முண்டுகள் (உலோகம் செறிந்த கட்டிகள்) கிடக்கும் ஆழம் 5,000 முதல் 5,500 மீட்டர்வரை. வேலை அங்கே இருக்கிறது, வண்டி அதற்காகச் செய்யப்படுகிறது. நாட்டீலும் அதே காரணத்தால்தான் 6,000 மீட்டர் வண்டி. 1984 முதல் ஓடுகிறது.

6,000 மீட்டர் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்கள் மெக்கானிக்கல். ஆனாலும் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம், ஆக 600. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 600 கிலோ. கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு பெரிய எருமை ஏறி நிற்கிறது. 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளத்தின் மேல் மொத்தச் சுமை எண்பதாயிரம் டன்னைத் தாண்டும். மெல்லிய சுவர்க் கோளத்துக்கான சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: அழுத்தம் × ஆரம் ÷ (2 × தடிமன்). 60 மெகாபாஸ்கல், 1,050 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர். விடை, அதாவது சுவர் தாங்க வேண்டிய தகைவு, 394 மெகாபாஸ்கல். அதே ஆரம், அதே தடிமனில் உருளை செய்தால் அது இரட்டிப்பாகும். மூன்று பேர் முட்டி மடக்கி உட்கார வேண்டியிருந்தாலும் எல்லா நாட்டாரும் உருண்டையையே செய்வது இதனால்தான்.

கோளம் எங்கேயாவது சில மில்லிமீட்டர் தட்டையாகிவிட்டால் அந்த இடத்தில் ஆரம் கூடுகிறது, சுவர் தாங்க வேண்டியதும் கூடுகிறது. கோளம் செய்யும் டைட்டானியம் சூடானால் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் அரைக்கோளங்களை வெற்றிடத்தில் வைத்து எலெக்ட்ரான் கற்றையால் வெல்டிங் செய்ய வேண்டும். நம் கோளத்துக்கு இஸ்ரோ வந்தது இந்த வேலைக்குத்தான். வெல்டிங் முடிந்த பிறகு அல்ட்ராசானிக் சோதனை. உள்ளே அனுமதித்த அளவைத் தாண்டிய காற்றுக்குமிழ் இருந்தால் அந்த மூட்டு தள்ளுபடி. இந்த ஒவ்வொரு படியிலும் வாரங்களும் மாதங்களும் போகும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது 'தாமதம்'.

சின்ன விஷயம் ஒன்று சொல்கிறேன். மூடியின் பள்ளத்தில் உட்காரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். பஞ்சு உதிராத துணியால் பள்ளத்தைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மினுக்கு வருகிற அளவுக்கு மட்டும் தடவி, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துப் போட வேண்டும். கீழே ஒரு தலைமுடி சிக்கியிருந்தால் போதும். பெரும்பாலும் அது ஆழத்தில் கசியாது, மேல்மட்டத்தில்தான் கசியும். ஆழத்தில் நீரே ரிங்கை அழுத்தி மூடிவிடும், மேலே அந்த உதவி இல்லை. இதனால்தான் துறைமுகத்தில் முக்கி எடுக்கும் சோதனையை எந்த நாடும் தாண்டிப் போவதில்லை. 2025 ஜனவரி, பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் மத்ஸ்யாவை நீரில் இறக்கிச் சோதித்ததைப் பார்த்து 'குளத்தில் குளிப்பாட்டுகிறார்கள்' என்று எழுதினார்கள். அப்படி எழுதியவர்களுக்கு மிதப்புக் கணக்கு தெரியாது. இருபது டன்னுக்கு மேற்பட்ட வண்டி. மழைக்காலம் முடிந்து கரையோர நீரில் உப்புக் குறைந்து, கன மீட்டருக்கு 5 கிலோ அடர்த்தி இறங்கினால், வண்டியின் மிதப்பில் நூறு கிலோவுக்கு மேல் காணாமல் போகும். அதே வண்டி 6,000 மீட்டர் போகும்போது நீர் சுமார் 3 சதவீதம் அடர்த்தியாகிறது, மிதப்பு நூற்றுக்கணக்கான கிலோ கூடுகிறது. வண்டியும் கொஞ்சம் சுருங்குவதால் முழுவதும் அப்படியே வராது. எவ்வளவு சுருங்கும், எத்தனை இரும்பு எடை ஏற்ற வேண்டும், தரைக்கு மேலே எந்த உயரத்தில் எத்தனையைக் கழற்றிவிட வேண்டும் என்பதை எல்லாம் ஆழம் ஆழமாக இறக்கிப் பார்த்துத்தான் எழுத முடியும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிகள் சொன்னது இங்கே அட்சரம் பிசகாமல் பொருந்தும்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, டைட்டானிக்கைப் பார்க்கப் போய் நொறுங்கிய டைட்டன் மூழ்கி இருக்கிறது. கார்பன் ஃபைபர் உருளை, எந்தச் சான்றளிக்கும் அமைப்பின் சான்றும் இல்லை. 2022இல் ஒரு பயணத்தில் மேலே வரும்போது பெரிய சத்தம் கேட்டது. அடுக்குகள் பிரிந்ததன் அடையாளம் அது. பொருட்படுத்தவில்லை. 2023 ஜூன் 18, ஐந்து பேர் இறந்தார்கள்.

இரவல் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. 1960 ஜனவரி 23இல் முதன்முதலில் மரியானா அகழியின் அடியைத் தொட்ட ட்ரியஸ்தே என்ற மூழ்கி அமெரிக்கக் கடற்படையின் சாதனை என்று புத்தகத்தில் இருக்கும். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துக்காரர், கட்டியது இத்தாலி, உள்ளே மனிதர் இருந்த கோளம் ஜெர்மனியின் க்ரூப் ஆலையில் செய்தது. அமெரிக்கா அதை 1958இல் விலைக்கு வாங்கியது. பனிப்போர் காலத்தில் சோவியத் யூனியனுக்கு மீர் மூழ்கிகள் இரண்டையும் செய்துகொடுத்தது பின்லாந்து. 2007 ஆகஸ்ட் 2இல் ரஷ்யா வடதுருவத்துக்கு நேர் கீழே 4,261 மீட்டர் ஆழத்தில் டைட்டானியக் கொடியை நட்டது அந்த மீரில்தான். இரண்டாவது மீரில் உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவர் ஸ்வீடன்காரர், ஒருவர் ஆஸ்திரேலியர். இறங்குவதைவிட, பனியில் தாங்கள் இறங்கிய அதே துளையைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் அன்றைக்குப் பெரிய கண்டம். நீங்கள் வியந்த சீனாவும் இப்படித்தான். 10,909 மீட்டர் போன ஃபென்தோவ்ஜெ அவர்களே செய்தது, உண்மை. ஆனால் அதற்கு முன் 2012இல் 7,062 மீட்டர் இறங்கிய ஜியாவ்லாங்கின் கோளம் ரஷ்யாவில் செய்யப்பட்டது. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. கற்றுக்கொண்டு அடுத்ததைத் தாங்களே செய்தார்கள். நம் இருவர் நாட்டீலில் கற்றதும் அதுபோன்ற பாடம்தான்: மணிக்கணக்கில் நீளும் இறக்கம், குளிர், ரேடியோ எட்டாத இடத்தில் ஒலியலையில் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் மேலே போய்ச் சேர எடுக்கும் நொடிகள்.

போட்டி இருந்தால்தான் பணம் வரும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பட்ஜெட் கேட்கிற இடத்தில் அது உதவும். கடலில் உதவாது.

மத்ஸ்யாவில் வழக்கமான பயணம் 12 மணி நேரம். அதற்கு மேல் அவசரத்துக்கு 96 மணி நேரம் உயிர்க்காப்பு. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 840 கிராம் ஆக்சிஜன் என்று வைத்தால், மூவருக்கு நாலரை நாளுக்குப் பதினோரு கிலோ சொச்சம். அதை எடுத்துப் போவது கஷ்டமில்லை. கழுத்தைப் பிடிப்பது கரியமில வாயு. அதை உறிஞ்சும் சோடா லைம் குளிரில் மந்தமாகும், வெளியே நீர் இரண்டு டிகிரிக்குப் பக்கத்தில். அதனால் 96 என்ற எண்ணை முழுதாக நம்பி யாரும் உட்கார முடியாது. இப்போது வரைபடத்தை எடுங்கள். நம் ஆய்வுப் பகுதி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே பத்து டிகிரிக்கும் அப்பால். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2,600 கிலோமீட்டருக்குக் குறையாது. 12 நாட் வேகத்தில் கப்பல் மணிக்கு 22 கிலோமீட்டர். போய்ச் சேர ஏறக்குறைய 118 மணி நேரம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தீர்களா? வண்டி அடியில் எதிலாவது சிக்கி, எடைகளைக் கழற்றியும் மேலே வராமல் போனால், கரையிலிருந்து புறப்படும் நம் கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேராது. நம் கடற்படையின் மீட்பு மூழ்கி 650 மீட்டர் ஆழத்துக்கானது. அருகில் மிதக்கும், 6,000 மீட்டர் இறங்கும் ரோபோ வைத்திருக்கும் ஏதாவது ஒரு கப்பல்தான் வர வேண்டும். இந்தியப் பெருங்கடலில் கடல்தள ஆய்வு ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் யார் தெரியுமா? நம்மைத் தவிரச் சீனா, கொரியா, ஜெர்மனி. நீங்கள் யாரோடு நம்மை ஒப்பிட்டு வெட்கப்பட்டீர்களோ, அந்தச் சீனாவின் கப்பலே மிக அருகில் இருக்கக்கூடும். நாளை அவர்கள் வண்டி சிக்கினால் நம் ஆய்வுக் கப்பல் சாகர் நிதி அருகில் இருக்கலாம்.

இது கற்பனை இல்லை. 2000 ஆகஸ்ட் 12இல் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் விபத்தில் மூழ்கியபோது வெளிநாட்டு உதவியை ஏற்க ரஷ்யா நாட்களைக் கடத்தியது. நார்வே முக்குளிப்பவர்கள் மூடியைத் திறந்தது 21ஆம் தேதி. 118 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. உடனே கூப்பிட்டிருந்தால் யாராவது பிழைத்திருப்பார்களா என்பது வேறு வாதம். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து, 2005 ஆகஸ்டில், கம்சட்கா கரையோரம் 190 மீட்டரில் ஏஎஸ்-28 என்ற சிறு மூழ்கி மீன்வலையிலும் கேபிளிலும் சிக்கியதும் ரஷ்யா உடனே உதவி கேட்டது. பிரிட்டன் ஸ்கார்பியோ என்ற ரோபோவை விமானத்தில் ஏற்றி அனுப்பியது. அது கேபிளை அறுத்துவிட்டது, ஏழு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். ரோஷத்தை விழுங்கி ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்ததன் பலன் அது.

அந்த அழைப்பு வேலை செய்ய வேண்டுமானால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை இருக்கின்றன. தூக்குக் கொக்கி மாட்டும் வளையம் பிறர் ரோபோவின் கைக்குப் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று உடலில் பெயின்டால் குறித்திருக்க வேண்டும். அவசர ஒலிக்குறியின் அலைவரிசை அடுத்தவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயணத் தேதியும் இடமும் சுற்றியுள்ள கப்பல்களுக்கு முன்பே போயிருக்க வேண்டும். இதெல்லாம் எதிராளியிடம் சொல்ல வேண்டிய சங்கதிகள், தம்பி. கைகுலுக்காமல் இதில் ஒன்றுகூட நடக்காது.

உங்கள் படிப்பு பற்றி. படியுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் கடல்சார் பொறியியலுக்கே தனித் துறை இருக்கிறது, கேட் தேர்வு எழுத வேண்டும். வீட்டில் பண நெருக்கடி இருந்தால் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. அதற்குள் அல்ட்ராசானிக் சோதனையில் இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வெல்டிங் மூட்டைத் திரையில் பார்த்து 'இது ஆகாது' என்று சொல்லத் தெரிந்த ஆட்கள் இந்த ஊரில் போதாமல் இருக்கிறார்கள்.

அன்புடன்.